அதே பெயர், அதே பாஸ்வேர்ட்

"எட்டுக் கொம்பு இருக்கு... இதுக்கு மேல ஒரு ரவுட்டருக்கு என்ன வேணும்? இதையே பில் போடுங்க."

கடையின் கண்ணாடி மேசைமேல் அது கருப்பாக, மல்லாந்து கிடக்கும் நண்டைப் போல இருந்தது. அவள் இரண்டு கைகளாலும் அதை அணைத்துக்கொண்டாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. நனைந்த துப்பட்டாவிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

"கொம்பை எண்ணி வாங்க இது என்ன மாட்டுச் சந்தையா மேடம்?"

குரல் மேலேயிருந்து வந்தது. திரும்பினாள். ஏணியின் உச்சியில் ஒருவன் உட்கார்ந்து அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். வீடுவீடாகப் போய் ரவுட்டர் மாட்டிக்கொடுப்பவன். கடை முதலாளி அவனை ஒரு முறை முறைத்தார். வாயைத் திறந்தால் வியாபாரத்தைக் கெடுப்பான் என்பது அவருக்குப் பழகிப்போன துக்கம்.

"நான் உங்ககிட்ட கேட்டேனா?"

"கேக்கலை. ஆனா பெட்டியை எங்க வைக்கப் போறீங்க... அதை மட்டும் சொல்லுங்க."

"என் மேசைக்குக் கீழ. ஏன்?"

"அப்ப எட்டுக் கொம்பும் சேர்ந்து உங்க முழங்காலுக்கு வைஃபை குடுக்கும். நல்லாருக்கும்."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது, அதை உதட்டுக்குள்ளேயே அமுக்கினாள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். அப்பா வைத்த செல்லப்பெயர். அவளிடமே வாய் கொடுக்கிறானே ஒருத்தன்!

"சார்... நீங்க இறங்கி வந்து பேசுங்க. கழுத்து வலிக்குது."

இறங்கி வந்தான். அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள். பேசும்போது வேறு எங்கும் அலையாமல், எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிற கண்கள். அந்தப் பொறுமை அவளைச் சற்றே தடுமாற வைத்தது. அவள் வழக்கத்தைவிட வேகமாகப் பேசினாள்.

அவள் வேலை அப்படி. காது கேளாத மாணவர்களுக்கான இணைய வகுப்புகளில், ஆசிரியர் பேசப் பேச ஒவ்வொரு வார்த்தையையும் உடனுக்குடன் தட்டி, திரையில் ஓடவிட வேண்டும். ஒரு நிமிடம் லைன் போனால் பிள்ளைகளுக்குப் பாடம் பாதியில் நின்றுவிடும். இந்த மாதம் மட்டும் எத்தனை தடவை நின்றதோ...

"லைன்ல வேகம் இருக்கு மேடம்" என்றான், அவள் போனில் காட்டிய வேக அளவைப் பார்த்துவிட்டு. "வந்த விருந்தாளி வாசல்லயே நிக்கிறார். உள்ள கூப்பிட்டு உக்கார வைக்க உங்க பழைய பெட்டிக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். ஒரு பெரிய பெட்டிக்குப் பதிலா ரெண்டு சின்னப் பெட்டி. ஒண்ணு கீழ ஹால்ல, ஒண்ணு மாடிப்படி முடியற இடத்துல. நாளைக்கு வந்து பாத்துட்டு மாட்டறேன்."

"பிடிக்கலைன்னா?"

"இந்த நண்டையே எடுத்துக்கங்க. நானே தூக்கிட்டு வரேன்."

மறுநாள் சாயங்காலம் வந்தான். அது பழைய மாடி வீடு. கனத்த சுவர்கள், நீளமான நடை, மேலே இரண்டு அறைகள். ஹாலில் அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்குக் காது பாதிதான் கேட்கும். அந்தப் பாதியும் அவருக்கு இஷ்டமானவற்றுக்கு மட்டும் என்று அம்மா சொல்வாள். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது.

கையில் அளக்கும் கருவியோடு அவன் ஒவ்வொரு அறையாக நடந்தான். அவளும் பின்னாலேயே நடந்தாள். வேறு வேலை இல்லையா என்றால்... இருந்தது. ஆனாலும் நடந்தாள்.

"பின்னாடி நிக்காதீங்க மேடம். அளவு இறங்குது."

"நான் என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். மனுஷ உடம்பு பக்கத்துல இருந்தாலே சிக்னலைக் கொஞ்சம் குடிச்சிடும். உடம்புல பாதிக்கு மேல தண்ணிதானே. நீங்க கிட்ட வர்றது திரும்பிப் பாக்காமலே எனக்குத் தெரியுது."

அவள் முகம் சூடானது. மாடிப்படியில் இரண்டு படி கீழே இறங்கி நின்றுகொண்டாள். அவன் மாடி நடையின் கோடிக்கு, பூட்டியிருந்த அறையின் எதிரே போய் நின்றான். அங்கேயே நின்றான். கருவியைத் தட்டிப் பார்த்தான்.

"மேடம்... சொன்னேனே, பின்னாடி நிக்காதீங்கன்னு."

"நான் இங்க இருக்கேன்... படியில."

அவன் மெதுவாகத் திரும்பினான். அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை. நடையில் விளக்கு ஒரு முறை சிமிட்டிவிட்டு நிதானமானது.

"உள்ள யாரு இருக்கா?" என்று அவன் தணிந்த குரலில் கேட்டான்.

"யாரும் இல்லை."

"ஒரு தடவை திறந்தீங்கன்னா..."

"திறக்க மாட்டோம்."

"இல்ல, இந்த இடத்துல ஏதோ தடுக்குது, பாத்துட்டா..."

"வந்த வேலையை மட்டும் பாருங்க!"

சொன்ன வேகம் அவளுக்கே அதிகமாகப் பட்டது. அது அம்மாவின் தையல் அறை. பூட்டியது அப்பா அல்ல, அவள்தான். அந்தத் துணி வாசனையை, பாதி தைத்து விட்டிருந்த ரவிக்கையை அவளால் தாங்க முடியவில்லை. அதை ஏணிக்காரன் ஒருவனிடம் எப்படிச் சொல்வது?

அவன் முகம் இறுகிவிட்டது. மீதி வேலையை வாய் திறக்காமல் முடித்தான். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டான்.

"பழைய வைஃபை பேரையும் பாஸ்வேர்டையுமே புதுசுக்கும் வச்சுடறேன். அப்பத்தான் வீட்டுல இருக்கறது எல்லாம் தானா வந்து ஒட்டிக்கும். ஒவ்வொண்ணுலயும் நீங்க மாத்திட்டு இருக்க வேணாம்."

எல்லா வீட்டிலும் அவன் செய்வது அதுதான். வீட்டுக்காரர்களுக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்ற நல்லெண்ணம். அவள் தலையாட்டினாள்.

கிளம்பும்போது மழை கொட்டியது. அவன் சட்டைப் பையில் கருவியைச் செருகிக்கொண்டு நனையத் தயாரானான். ரோஷக்காரன்! அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஆணியில் தொங்கிய குடையை எடுத்து நீட்டினாள். கருஞ்சிவப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள்.

"அம்மாவோடது. திருப்பிக் கொடுத்துடணும்."

"கொடுக்காம எங்க போயிடப் போறேன்..." என்றவன், அவளை ஒரு முறை பார்த்துவிட்டு மழைக்குள் இறங்கினான்.

அன்றிலிருந்து லைன் ஒரு தடவைகூட அறுபடவில்லை. வகுப்புகள் சாயங்காலத்தில்தான் நடக்கும். காதை மூடும் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் உலகமே ஆசிரியரின் குரல்தான். ஆனால் கண்கள் திறந்துதானே இருக்கும்? இருட்டத் தொடங்கும் நேரத்தில், ஹாலில் அப்பா சட்டென்று நிமிர்வதை அவள் பார்த்தாள். செய்தித்தாளை மடித்து வைப்பார். எழுந்து போய் வாசல் கதவைத் திறப்பார். கொஞ்ச நேரம் இருட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். திரும்பி வந்து உட்காருவார்.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும்.

வெளியூரில் இருக்கும் அண்ணன் வீடியோவில் வந்திருந்தபோதும் அது நடந்தது. புது ரவுட்டர் புண்ணியத்தில் அப்பாவின் முகம் அண்ணனுக்கு அன்றைக்குத்தான் பளிச்சென்று தெரிந்தது. அப்பாவுக்குக் கேட்க வேண்டுமே என்று அண்ணன் அலறிக்கொண்டிருந்ததில் அவளுக்கு வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. பேச்சுக்கு நடுவில் அப்பா எழுந்தார்.

"எங்கப்பா போறீங்க?" என்று அண்ணன் கத்திக் கேட்டான்.

"அம்மா கூப்பிட்டா. வாசல்ல யாரோ நிக்கிறாங்களாம்."

சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். திரையில் அண்ணன் உறைந்து போயிருந்தான். இந்தத் தடவை லைன் கோளாறு இல்லை.

"எத்தனை நாளா இப்படி?"

"இல்லண்ணா... ஏதோ ஞாபகத்துல..."

"வாயாடி, மறைக்காதே. நான் அடுத்த வாரம் வரேன். நல்ல முதியோர் இல்லம் ஒண்ணு விசாரிச்சு வச்சிருக்கேன், டாக்டர் கூடவே இருப்பாங்க. வீட்டைப் பூட்டிடலாம். நீ தனியா இதெல்லாம் தாங்க மாட்டே."

"அப்பாவை அங்கெல்லாம் விட முடியாது!"

"செத்தவங்க கூப்பிடறாங்கன்னு சொல்றவரை வீட்டுல வச்சுக்கறதுதான் பாசமா?"

அப்பாவுக்கு எதுவும் காதில் விழவில்லை. திரும்பி வந்து, "அவன் என்ன சொல்றான், சாப்பிட்டானாமா?" என்று கேட்டார். அவள் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய் அழுதாள். அம்மாவை இழந்தாயிற்று. அப்பாவையும் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டிருக்கிறோமா என்ற பயம் அவளைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் வகுப்பு சீக்கிரம் முடிந்தது. ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். வெளியே அப்போதுதான் தூறல் தொடங்கியிருந்தது. வீடு அமைதியாக இருந்தது...

"என்னங்க..."

ஹெட்போன் வயரைச் சுற்றிக்கொண்டிருந்த அவள் விரல்கள் அப்படியே நின்றன.

"என்னங்க... வாசல்ல யாரோ நிக்கிறாங்க. போய்ப் பாருங்க."

மாடியிலிருந்து வந்தது. அம்மாவின் குரல். 'என்னங்க'வை இழுத்து, முடிவில் கொஞ்சம் அலுத்துக்கொள்ளும் அதே குரல். ஹாலில் அப்பா செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இருங்கப்பா!"

ஓடினாள். கதவைத் திறந்தாள். தெருவில் யாரும் இல்லை. கேட் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் தூறல் இறங்கிக்கொண்டிருந்தது. தரை முழுக்க நனைந்து மினுங்கியது... கேட்டுக்கு எதிரே ஒரு வட்டம் மட்டும் காய்ந்திருந்தது. யாரோ அங்கே நின்று, இப்போதுதான் நகர்ந்து போனதைப் போல. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துளிகள் அந்த வட்டத்திலும் விழுந்து அதை அழித்தன.

அவள் கடைக்கு போன் செய்தாள். யாரை அழைப்பது என்று யோசித்தபோது ஏன் அவன் முகம்தான் முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "அந்த ஏணிக்காரரை அனுப்புங்க... இப்பவே" என்றாள். முதலாளி அனுப்புகிறேன் என்றார்.

போனை வைத்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. மணி அடித்தது. அம்மாவின் குடைக்குக் கீழே அவன் நின்றிருந்தான்.

"அதுக்குள்ளயா? கடை அவ்வளவு தூரம் இருக்கே!"

"இல்ல... இந்தப் பக்கமா ஒரு வேலை..." என்று குடையை மடக்கினான். "என்ன ஆச்சு மேடம்?"

சொன்னாள். அழுகையும் அவசரமுமாக, முன்னுக்குப் பின்னாகச் சொன்னாள். அப்பாவைப் பற்றி, அண்ணனைப் பற்றி, குரலைப் பற்றி. அவன் சிரிக்கவில்லை. அந்தப் பொறுமையான கண்களோடு கடைசிவரை கேட்டான்.

"சரி. வீட்டுல வைஃபைல இருக்கற எல்லாத்தையும் அணைங்க. கம்ப்யூட்டர், போன், டிவி... எல்லாம்."

அணைத்தாள். ஹாலில் ரவுட்டரின் சின்னப் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. எதுவும் பேசாத வீட்டில் அது அசையாமல் எரிய வேண்டும். ஆனால் அது சிமிட்டியது... நிறுத்தியது... மறுபடி சிமிட்டியது.

"மேடம்" என்றான் மெல்ல. "எல்லாரும் பேச்சை நிறுத்தியாச்சு. ஒருத்தர் மட்டும் இன்னும் பேசிட்டிருக்காங்க."

இருவரும் மாடியைப் பார்த்தார்கள்.

பூட்டைத் திறக்க அவளால் முடியவில்லை. சாவி துளைக்குள் போகவே இல்லை. அவன் அவள் கைமேல் கை வைத்துத் திருப்பினான். கதவு முனகியது. இரண்டு வருடத்துத் துணி வாசனை முகத்தில் வந்து மோதியது. உள்ளே இருட்டில் அவர்களை நோக்கி இரண்டு உருவங்கள் நின்றன... அவள் அலறிவிட்டாள். பயத்தில் அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"கண்ணாடி... வெறும் கண்ணாடி. நம்மதான்."

சுவரளவு நிலைக்கண்ணாடி. அம்மா தைத்ததைப் போட்டுப் பார்க்க வைத்தது. "இதுதான் அன்னிக்கு என் சிக்னலைத் தடுத்தது. கண்ணாடிக்குப் பின்னாடி பூச்சு இருக்கும்ல" என்றான். அவன் குரலும் லேசாக நடுங்கியதில் அவளுக்கு ஒரு ஆறுதல்.

தையல் மெஷினுக்கு மேலே, அலமாரித் தட்டில், நூல்கண்டுகளுக்கு நடுவே ஒரு சின்ன ஸ்பீக்கர். அதன் நெற்றியில் ஒரு நீலப் புள்ளி எரிந்தது.

அவன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"என் தப்புதான். பழைய பேரு, பழைய பாஸ்வேர்டு வச்சேன்ல... மாடியிலயும் கேட்லயும் இவ்வளவு நாள் சிக்னல் இல்லாம தூங்கிட்டு இருந்தது எல்லாம், நம்ம வீட்டு வைஃபை திரும்ப வந்துடுச்சுன்னு நினைச்சு எழுந்துடுச்சு. கேட் தூண்ல சின்னக் கண்ணு மாதிரி ஒரு சென்சார் இருக்கும் பாருங்க. ஆள் வந்து நின்னா அது இதுக்குச் சொல்லும். இது உங்கம்மா குரல்ல சொல்லும். அவங்களே பேசிப் பதிஞ்சு வச்சிருக்காங்க."

அவள் வெளியூரில் வேலை பார்த்த நாட்களில் அம்மா செய்த ஏற்பாடு. அவள் ஊர் திரும்பியபோது அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். ரவுட்டரைக் கீழே தன் மேசைக்கு மாற்றியதும் அவள்தான். மாடியில் அம்மாவின் குரல் ஒடுங்கிப்போனது அன்றைக்குத்தான் என்று இப்போது புரிந்தது. அவள் ஸ்பீக்கரைக் கையில் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். கண்ணீர் நிற்காமல் வந்தது. பிறகு, திடீரென்று நிமிர்ந்தாள்.

"ஆனா வாசல்ல யாருமே இல்லையே! அப்பா பாத்தார்... நானும் பாத்தேன். ஆள் நின்னாதானே பேசும்னு சொன்னீங்க?"

அவனுடைய காது மடல்கள் சிவந்துவிட்டன.

"சொல்லுங்க... யாரு நின்னது?"

மடக்கிய குடையை மெதுவாக நீட்டினான்.

"திருப்பிக் குடுக்கத்தான் வந்தேன். அன்னிக்கு நீங்க அவ்வளவு கோவப்பட்டீங்களா... மணி அடிக்க தைரியம் வரலை. மறுநாள் குடுத்துக்கலாம்னு போயிடுவேன். அப்புறம் யோசிச்சேன், குடுத்துட்டா மறுபடி வர்றதுக்கு ஒரு காரணமும் இருக்காதேன்னு... வந்து நிப்பேன், கதவு திறக்கற சத்தம் கேட்டா ஓடிடுவேன்."

"உங்களால எங்கப்பாவுக்குப் பைத்தியம்னு முடிவு கட்டிட்டான் எங்கண்ணன்! தெரியுமா?" அவள் குடையைப் பிடுங்கினாள். அதாலேயே அடித்துவிடுவாள் போலிருந்தது. "ஒரு மணி அடிக்க முடியாத ஆம்பளை... ஊர்ல இருக்கறவங்களுக்கு எல்லாம் வைஃபை மாட்டறாராம்!"

"அடிங்க மேடம். நியாயம்தான்."

"அடிக்காதே, அடிக்காதே" என்று அறைக் கதவருகே குரல் கேட்டது. அப்பா. மூச்சு வாங்க மாடி ஏறி வந்திருந்தார். "தினமும் வரான், நிக்கறான், போறான். பாவம் புள்ளை."

"அப்பா! உங்களுக்குத் தெரியுமா?"

"என் பொண்டாட்டி டப்பாவுக்குள்ள பேசி வச்சது எனக்குத் தெரியாதா? மணி அடிச்சா என் காதுல விழாது, அவ கூப்பிட்டா விழும்னு, எனக்காகத்தானே பண்ணா. முதல் நாள் கதவைத் திறந்தா, அவ குடை மட்டும் தெருமுனையில திரும்புது. ஒரு நிமிஷம் அவளேதான்னு நினைச்சுட்டேன். மறுநாள்தான் குடைக்குக் கீழ பேன்ட் தெரிஞ்சுது."

"சொல்லியிருக்கலாம்ல? அண்ணன் உங்களை எங்கயோ கொண்டு போய் விடறேன்னான்..."

"அப்படியா சொன்னான்? நாளைக்கு இந்த டப்பாவை அவனுக்கே காட்டறேன். யாருக்குப் பைத்தியம்னு அப்புறம் பேசிக்கலாம்." அப்பாவின் குரல் தணிந்தது. "சொன்னா நீ இதைக் கழட்டிடுவேன்னு பயந்தேன்மா. இந்த ரூமையே பூட்டினவ ஆச்சே நீ."

அவள் ஸ்பீக்கரை நூல்கண்டுகளுக்கு நடுவே, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். ஜன்னலைத் திறந்தாள். மழைக்காற்று உள்ளே வந்தது.

"பேரை மாத்திடவா மேடம்?" என்று அவன் தயங்கிக் கேட்டான். "மாத்தினா இது பேசாது."

"வேணாம். அதே பேரு இருக்கட்டும்."

அந்த நொடியில் நீலப் புள்ளி பளிச்சென்று எரிந்தது.

"என்னங்க... வாசல்ல யாரோ நிக்கிறாங்க. போய்ப் பாருங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வழக்கமாக வாசலில் நிற்பவன் இங்கேதான் இருந்தான். அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கேட் விளக்கு... மழை... வெறும் தெரு.

"கா... காத்துல செடி கொடி ஏதாவது அசைஞ்சாகூட அந்தக் கண்ணுக்கு ஆள் மாதிரி தெரியும்" என்றான் அவன். சொன்ன அவனுக்கே நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. கேட் அருகே செடி கொடி எதுவும் கிடையாது.

அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. "கூப்பிட்டா போகணும். இல்லேன்னா திட்டுவா" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு படியாக, ரொம்ப நிதானமாக இறங்கிப் போனார்.

அறையில் அவர்கள் இருவர் மட்டும். கண்ணாடியில் இன்னும் இருவர்.

"மேடம்... ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அன்னிக்கு நீங்க பின்னாடி வந்து நின்னப்ப அளவு இறங்குச்சுன்னு சொன்னேன்ல. கருவியில கொஞ்சம்தான் இறங்குச்சு." அவன் எச்சில் விழுங்கினான். "எனக்குத்தான் எதுவுமே ஓடலை. அன்னிக்கிலேர்ந்து அப்படியேதான் இருக்கு. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு... ரொம்ப."

வாயாடிக்கு முதல் முறையாக வார்த்தை வரவில்லை. ஆசிரியர் பேசி முடிக்குமுன்பே தட்டி முடிக்கிற விரல்கள், அம்மாவின் குடைப்பிடியைச் சும்மா வருடிக்கொண்டிருந்தன. கீழே வாசல் கதவு திறக்கும் ஓசை கேட்டது. அப்பா யாரிடமோ தணிந்த குரலில் பேசுவது போலவும் இருந்தது... மழையாக இருக்கலாம்.

அவள் குடையை மறுபடி அவன் கையிலேயே வைத்தாள்.

"நாளைக்கும் இதைத் திருப்பிக் குடுக்க வாங்க" என்றாள். கண்ணில் நீரும் உதட்டில் சிரிப்புமாக இருந்தாள். "ஆனா வந்தா மணி அடிங்க. எங்கம்மாவை எத்தனை நாளைக்குத்தான் கூப்பிட வைப்பீங்க?"